ஹொப்பும் சுண்ணாம்பும்

பானைக்குள் எதை இடுவது, எவ்வளவு இடுவது, எப்போது இடுவது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறது. சமையலும் மருத்துவமும் சாயத்தொழிலும் இக்கேள்விகளோடு வளர்ந்தவை. இனிய சாறொன்றைப் புளிக்க விடுவதும், புளிக்காமற் காப்பதும், புளித்ததற்கு மணமூட்டுவதும் அதே வரிசையில் வைத்து எண்ணத்தக்க கலைகளே. ஆயினும் இக்கலைகளைக் கையாளும் மனிதர் எல்லோருக்கும் ஒரே மதிப்புக் கிடைப்பதில்லை. அதே அறிவு ஒருவருக்குக் கலைஞர் என்ற பெயரைத் தேடித் தருகிறது. இன்னொருவருக்குச் சாதிப்பெயரைத் தேடித் தருகிறது. இவ்வேறுபாட்டின் வேர் எங்கே கிடக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில் உள்ள நெடுங்கேணியில் விஞ்ஞானம் கற்பிப்பது எமது தொழில். எம்மிடம் படித்துக் கனடாவுக்குக் குடிபெயர்ந்த மாணவர் ஒருவர் அண்மையில் ஊர் வந்திருந்தார். நிலபுலமுள்ள குடும்பத்திற் பிறந்தவர். ரொறன்ரோவில் தம் வீட்டின் நிலவறையில் தாமே பியர் ஆக்குகிறார். வாணிபத்துக்கு அன்று; தமக்கும் நண்பருக்குமாக. ஒரு மாலைப்பொழுது முழுவதும் அவர் எம்மோடு பேசியது அந்தப் பியருக்கு மணம் ஏற்றும் வித்தையைப் பற்றித்தான். குடிப்பழக்கம் எமக்கு இல்லை. எனினும் நொதித்தலைக் கரும்பலகையிற் கற்பிக்கும் ஒருவருக்கு அப்பேச்சு சுவையாகவே இருந்தது. வாசகர்களுக்கும் அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் பின்னர் நாம் சொல்லப்போவதை நிறுத்துப் பார்க்க அதுவே படிக்கல்.

ஹொப் என்பது குளிர்நாடுகளில் வளரும் ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெண்கொடியிற் காய்க்கும் பச்சைநிறக் கூம்புகளே பயன்படுபவை. கூம்பின் செதில்களுக்கடியில் மஞ்சட்பொடி போன்ற சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இரண்டு செல்வங்கள் இருக்கின்றன: ஒன்று கசப்புத் தரும் பிசின், மற்றது மணந் தரும் எண்ணெய். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்துப் பெறும் இனிய சாற்றில் ஹொப்பை இட்டு ஒரு மணி நேரமளவு கொதிக்க வைத்தால், பிசினிலுள்ள அமிலங்கள் உருமாறிச் சாற்றிற் கரைகின்றன, கசப்பு ஏறுகிறது. ஆனால் அதே கொதியில் மண எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. கசப்பு வேண்டுமானாற் கொதிக்க வைக்கவேண்டும். மணம் வேண்டுமானாற் கொதிக்க வைக்கக் கூடாது. இம்முரண்பாட்டைத் தீர்க்கக் கண்ட வழியே உலர் ஹொப்பிடல் என்பது. சாறு ஆறி, மதுவம் சேர்த்து, நொதித்தல் பெரும்பாலும் அடங்கிய பின்னர், கொதி காணாத அந்தப் பியருக்குள் மறுமுறையும் ஹொப்பை இடுவார்கள். கசப்பு அதிகம் கூடாது; மணம் மட்டும் தங்கிவிடும்.

சொல்லும்போது எளிது, செய்யும்போது ஒவ்வொரு படியிலும் கணக்கு இருக்கிறது. லீற்றருக்கு 2 கிராமிலிருந்து 6 கிராம் வரை இடுவது சாதாரண வழக்கம். மணத்திற் பித்துக் கொண்டோர் 10 கிராமையும் தாண்டுவர். முழுக் கூம்பாகவும் இடலாம். அரைத்து அழுத்திய சிறு குளிகைகளாகவும் இடலாம். குளிகை விரைவிற் கரைந்து மணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் அடியில் மண்டியைப் பெருக்கும். முழுக் கூம்பு மிதக்கும். ஆகவே மெல்லிய துணிப்பையிற் கட்டி, கொதிநீரிற் போட்டெடுத்த கண்ணாடிக் குண்டுகளைப் பாரமாக வைத்து அமிழ்த்துவர். பையிற் கட்டினால் எடுப்பது இலகு. கட்டாமல் விட்டால் மணம் நன்றாகப் பரவும். 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு முதல் ஐந்து நாள் போதும். அதற்குமேல் விட்டால் வெட்டிய புல்லின் வாடை வந்துவிடும். பின்னர் பாத்திரத்தை உறைநிலைக்கு அண்மைவரை குளிரவைத்தால் மிதப்பவையெல்லாம் அடியிற் படியும்.

காலத்தைப் பற்றிய சர்ச்சைதான் பெரிது என்றார் அம்மாணவர். நொதித்தல் முற்றாக அடங்கியபின் இடுவதா, மதுவம் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும்போதே இடுவதா? முன்னே இட்டால், மதுவம் ஹொப்பின் மணச் சேர்வைகள் சிலவற்றை வேறு சேர்வைகளாக மாற்றிவிடுகிறது. கொடியில் இல்லாத புதிய மணம் பியரிற் பிறக்கிறது. ஆனால் பொங்கி வரும் காபனீரொட்சைட்டு மணத்திற் பாதியைச் சுமந்துகொண்டு வெளியேறிவிடும். பின்னே இட்டால் மணம் காக்கப்படும். ஆனால் மூடியைத் திறக்கும்போது ஒட்சிசன் உட்புகுந்து பியரைப் பழுதாக்கலாம். இன்னோர் ஆபத்தும் உண்டு. ஹொப்பிலேயே மாப்பொருளின் எச்சங்களைச் சீனியாக உடைக்கும் நொதியங்கள் சிறிதளவு இருக்கின்றன. முடிந்துவிட்டதென எண்ணிய நொதித்தல் அவற்றால் மீண்டும் தொடங்கிவிடும்; அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தாற் போத்தல் வெடிக்கும். இதனை 1893 ஆம் ஆண்டிலேயே பிரவுண், மொறிஸ் என்னும் ஆங்கிலேய இரசாயனவியலாளர் இருவர் ஆராய்ந்து எழுதிவைத்தனர்.

இவ்வளவையும் அம்மாணவர் தலைநிமிர்ந்து சொன்னார். சொல்லவேண்டியதுதான். பொறுமையும் சுத்தமும் கூர்ந்த நோக்கும் வேண்டிய அறிவு அது.

இவ்வறிவுக்கும் ஒரு வரலாறு உண்டு; அதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. ஹொப்பிலுள்ள கசப்புப் பொருள்கள் பியரைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் சிலவற்றைத் தடுக்கவல்லவை. மணத்துக்காக மட்டுமன்றிக் கெடாமற் காப்பதற்காகவும் ஹொப் இடப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பியர் வந்தது. வெப்பக் கடல்களைக் கடக்கும் மாதக்கணக்கான அந்தப் பயணத்துக்காக ஹொப் மிகுதியாக இடப்பட்டது. பீப்பாயை மூடுமுன் உலர் ஹொப் ஒரு பிடி உள்ளே போடுவதும் வழக்கமாயிற்று. இன்று ரொறன்ரோவின் நிலவறைகளிற் பெரிதும் விரும்பி ஆக்கப்படும் பியர் வகையின் பெயரில் 'இந்தியா' ஒட்டிக்கொண்டிருப்பது அதனாலேதான். எம்மை ஆள வந்தவர்களின் தாகம் தீர்க்கும் முயற்சியிலே வளர்ந்த நுட்பம் இது.

அந்த ஹொப்பைப் பறித்தவர்கள் யார்? தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் மாநிலத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்தில் லண்டனின் கிழக்குப்புறச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏழைகள் வந்தார்கள். தாயும் பிள்ளையும் பாட்டியும் கொட்டில்களில் வைக்கோல் மீது படுத்துறங்கிக் கூம்பு பறித்தார்கள். அளவுக் கூடைக்கு இத்தனை பென்ஸ் என்று கூலி. 1931 இல் ஜோர்ஜ் ஓர்வெல் அவர்களோடு ஒருவராய் நின்று ஹொப் பறித்து, அந்த வாழ்வைப் பற்றி எழுதினார். உயர்ந்த கம்புகளில் நூல் கட்டுவதற்காகப் பொய்க்கால் பூட்டி நடந்த தொழிலாளரும் அங்கே இருந்தனர். உயரத்தில் நின்று உழைப்போர் இல்லாமல் உலகில் எந்தப் பானமும் ஊறவில்லை போலும்.

கென்ட் என்ற பெயரைக் கேட்டால் எமது ஊராருக்கு இங்கிலாந்து நினைவுக்கு வராது. நெடுங்கேணிக்கு அப்பால் கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என இரண்டு பண்ணைகள் இருந்தன. 1977 இன் வன்செயலில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் குடியேறின. 1984 இல் அவர்கள் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். சிறைக்கைதிகளைக் கொண்ட குடியேற்றம் அங்கு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 ஆந் திகதி அக்குடியேற்றத்திலிருந்த சிங்கள மக்கள் கொல்லப்பட்டனர். வந்தவனும் ஏழை, துரத்தப்பட்டவனும் ஏழை, செத்தவனும் ஏழை. வன்னியின் மண்ணில் நின்று உழைப்பாளியின் கதையைப் பேசும் எவரும் இதைச் சொல்லாமற் கடக்க இயலாது.

இனி எமது பானைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தைப் போல நெடுங்கேணியில் பனை அடர்ந்து நிற்பதில்லை. காடும் குளமும் வயலுமே இங்கு மிகுதி. குளக்கட்டுகளை அண்டியும் பழைய குடியிருப்புகளின் எல்லைகளிலும் நிற்கும் பனைகளில் எஞ்சிய சில சீவற்றொழிலாளர் ஏறி இறங்குகின்றனர். அவர்களில் ஒருவர் எமக்கு நெடுநாட் பழக்கம். அறுபதைக் கடந்தவர், நாம் அண்ணை என்று அழைப்போம், அவர் எம்மை வாத்தியார் என்பார்.

ஆண்டின் முற்பாதியிற் பாளை தோன்றியதும் அவருடைய வேலை தொடங்கும். மட்டைகளை ஒதுக்கி, பாளையைப் பக்குவமாக நசுக்கி, நாரினாற் கட்டி, நுனியைச் சீவிச் சீவிப் பல நாள் பழக்கிய பின்னர்தான் சாறு ஊறும். ஆண் பாளையை நசுக்கும் முறை வேறு. பெண் பாளையை நசுக்கும் முறை வேறு. கூடுதலாக நசுக்கினாற் பாளை அழுகும், குறைந்தாற் சுரக்காது. பின்னர் காலையிலும் மாலையிலும் ஏறி, பாளைக்கத்தியால் நுனியை ஏட்டுத் தடிப்பிற் சீவி, முட்டியைக் கட்டிவிடவேண்டும். ஒரு நாட் தவறினாலும் சீவிய வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஐம்பது அடி உயரப் பனைகள் பன்னிரண்டில், நாளுக்கு இருமுறை, காலிற் தளைநாரும் இடுப்பிற் கத்திக்கூடுமாக ஒருவர் ஏறினால் அவர் நாளொன்றுக்கு ஏறும் உயரம் ஆயிரத்து இருநூறு அடி. இறங்குவதும் அவ்வளவே. கீழே விரித்த வலையும் இல்லை. விழுந்தால் ஓய்வூதியமும் இல்லை.

வாசகர் கவனிக்கவேண்டிய இடம் முட்டியின் உட்புறம். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்பட்ட சீனி உண்டு. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் மதுவமும் பற்றீரியாக்களும் காத்திருக்கின்றன. முதற்துளி விழுந்த கணத்திலேயே நொதித்தல் தொடங்கிவிடும். வாற்கோதுமைச் சாற்றுக்கு மதுவத்தை வாங்கி இடவேண்டும். பனஞ்சாற்றுக்கு அழையாமலே அது வந்துவிடும். ஆகவே இங்கே தொழில்நுட்பத்தின் முதல் வினா, அதை வரவேற்பதா தடுப்பதா என்பதே. தடுக்கவேண்டுமானால், கழுவி வெயிலில் உலர்த்திய முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பைப் பூசவேண்டும். சுண்ணாம்பு சாற்றிற் கரைந்து காரத்தன்மையை ஏற்றுகிறது. மதுவமும் பற்றீரியாக்களும் அடங்கிக் கிடக்கின்றன. சாறு கருப்பணியாக இறங்குகிறது. சுண்ணாம்பு இல்லாமல், முன்னைய மண்டி சிறிது தங்கிய முட்டியைக் கட்டினால் அதே சாறு கள்ளாக இறங்குகிறது. ஒரு பாளை, ஒரு துளி, ஒரே இரவு. முட்டியின் சுவரில் உள்ளது எதுவோ அதைப் பொறுத்துக் குழந்தையின் பனங்கட்டியாகவும் தவறணையின் பானமாகவும் அது பிரிகிறது.

"எவ்வளவு பூசுவீர்கள், அண்ணை?" என்று ஒருமுறை கேட்டோம்.

"அளவு கையிலதான் வாத்தியார். கூடினால் நாக்குப் பொத்திப்போகும், பனங்கட்டியும் கறுத்துப்போகும். குறைஞ்சால் விடியக்கிடையில புளிச்சிடும். வெக்கை நாளில கொஞ்சம் கூட, பனி நாளில கொஞ்சம் குறைய. முட்டியை மணந்து பாத்தால் தெரியும்."

லீற்றருக்கு இத்தனை கிராம் என்று ரொறன்ரோ மாணவர் சொன்ன கணக்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வெப்பநிலையை அவர் வெப்பமானியில் வாசிக்கிறார். இவர் விடியற்காற்றில் வாசிக்கிறார். ஹொப் கடைசியில் இடப்படுவது, சுண்ணாம்பு முதற்துளிக்கு முன்னே இருக்கவேண்டியது. இறுக மூடிய கள்ளுப் போத்தல் வெடிக்கும் என்பதை இவர் அறிவார். ஆங்கிலேய இரசாயனவியலாளரின் பெயரை அறியார். கருப்பணியைத் தெளியவிட்டுத் துணியில் வடித்து மிகைச் சுண்ணாம்பை நீக்குவதும், காய்ச்சிப் பதம் பார்த்துக் குட்டானில் வார்ப்பதும் பெரும்பாலும் அவருடைய மனைவியின் கைவண்ணம். அந்தப் பதம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டதன்று.

பானைக்குள் தாவரத்தையே இடும் வழக்கமும் இலங்கைக்குப் புதிதன்று. தென்மேற்கின் ஈரவலயத்திற் கித்துள் சீவுவோர், ஹல் என்னும் மரத்தின் பட்டையைச் சாற்று முட்டிக்குள் இட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள்களே காவல் செய்கின்றன. கென்ட் தோட்டத்து ஹொப், சப்ரகமுவக் காட்டின் ஹல் பட்டை, வன்னியின் சுண்ணாம்பு ஆகிய மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று நாட்டு உழைப்பாளர் கண்ட விடைகள். தமிழன், சிங்களவன், ஆங்கிலேயன் என்ற பெயர்கள் அந்த விடைகளின் மீது எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆனால் வகுப்பறையில் என்ன நடக்கிறது? ஓர் ஆண்டு நொதித்தல் பாடத்தின்போது, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இனிய சாறொன்றைப் புளிக்காமல் எப்படிக் காக்கலாம் என்று கேட்டோம். நெடுநேரம் மௌனம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் மெல்ல எழுந்து, "சுண்ணாம்பு பூசலாம் சேர்" என்றான். வகுப்பிற் சிரிப்பெழுந்தது. விடை பிழையென்று எவரும் சிரிக்கவில்லை. அது அவனுக்கு எப்படித் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததாற் சிரித்தார்கள். நாம் அவன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதி, சுண்ணாம்பு எவ்வாறு நுண்ணுயிர்களைத் தடுக்கிறது என்று விளக்கி, அன்றைய பாடத்தில் மிகச் சிறந்த விடை அதுவே என்றோம். வகுப்பு முடிந்ததும் அவன் தனியே வந்தான்.

"சேர், இனிமேல் வகுப்பில அதை என்னட்டக் கேக்காதேங்கோ."

எமது பாராட்டும் அவனுக்குக் காயமாகவே பட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் தகப்பனின் அறிவை ஒளித்து வைக்கவேண்டிய சமுதாயத்தில் நாம் வாழ்கிறோம்.

இந்த வெட்கம் எங்கே பிறந்தது? யாழ்ப்பாணச் சமுதாயமும் அதன் வழிவந்த வன்னிச் சமுதாயமும் சீவற்றொழிலைப் பிறப்போடு கட்டிப் போட்டன. பனையில் ஏறியவனைக் கிணற்றில் அள்ளவிடவில்லை, கோயிலுக்குள் நுழையவிடவில்லை, தேநீர்க்கடையில் எல்லோருக்குமான குவளையைத் தொடவிடவில்லை. ஆயினும் அவன் இறக்கிய கள்ளை உயர்சாதிக்காரர் பிளாவில் வார்த்துப் பருகினார்கள். அவன் கை தொட்ட முட்டியின் கள்ளுக்குத் தீட்டு இல்லை. அதே கை தொட்ட கிணற்று நீருக்குத் தீட்டு உண்டு. இதைவிட வெளிப்படையான பொய்யை எந்தச் சமுதாயமும் தன் முகத்தில் எழுதிக்கொண்டதில்லை.

1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இவற்றைக் குற்றமாக்கியது. சட்டப்புத்தகத்திற் கிடந்த அதனை வீதிக்குக் கொண்டுவந்தவர்கள், 1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாக நடந்து பொலிசாரின் தடியடியை ஏற்றவர்களே. அதன்பின் தேநீர்க்கடைகள் திறந்தன, கோயிற் கதவுகள் திறந்தன. மனக்கதவு முழுதாகத் திறக்கவில்லை என்பதற்கு எமது வகுப்பறையின் சிரிப்பே சாட்சி.

சாதியின் இறுக்கத்தோடு அரசின் இறுக்கமும் சேர்ந்தது. பிரித்தானிய ஆட்சி சாராயத்தையும் கள்ளையும் வருமானமாகவே கண்டது. தவறணைகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைக்காரன் கொழுத்தான், சீவியவன் மெலிந்தான். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாமற் சீவுவதைக் குற்றமாக்கியது. அச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டும் அடிப்படை மாறவில்லை. பிரித்தானியாவோ தன் குடிமக்கள் வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்க 1963 இல் அனுமதிப்பத்திரம் இல்லாமலே வழி திறந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்கா 1978 இல் அவ்வாறே செய்தது. சட்டத்தை எமக்கு இயற்றித் தந்தவன் தன் வீட்டில் அதைத் தளர்த்திவிட்டான், நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ரொறன்ரோ மாணவரின் நிலவறை பொழுதுபோக்கு. நெடுங்கேணியின் முட்டி, பத்திரம் இல்லையேல் வழக்கு.

1970 களில் பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது குத்தகைக்காரனின் பிடி தளர்ந்தது. சீவியவர்களே அங்கத்தவராகி, தம் கள்ளைத் தாமே விற்றனர். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பின்னர் போர் வந்தது. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனங்குற்றிகள் வேண்டப்பட்டன. ஆயிரக்கணக்கிற் பனைகள் சரிந்தன. எறிகணையில் தலையிழந்தவை இன்னும் பல. 2009 இற் போர் முடிந்து மக்கள் மீண்டபோது காணிகளில் மொட்டை மரங்கள் நின்றன. விதைத்த பனை பாளை விட ஏறத்தாழ இருபது ஆண்டு செல்லும். அதுவரை காத்திருக்கும் கை எங்கே?

இவ்விடத்தில் நேர்மையான எதிர்வாதங்களுக்கும் விடை சொல்லவேண்டும். குடியினால் அழியும் குடும்பங்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மாணவர் வரவுப் பதிவேட்டிலே தகப்பனின் குடியை வாசிக்க எந்த ஆசிரியருக்கும் தெரியும். அப்படியிருக்கக் கள்ளைப் பற்றிப் பேசுவது தகுமா? வன்னிக் குடும்பங்களை இன்று தின்பது பெரும்பாலும் காட்டுக்குள் வடிக்கப்படும் கசிப்பும், முத்திரை ஒட்டிய போத்தற் சாராயமுமே. தமிழ்நாட்டில் 1987 முதற் கள் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2003 முதல் அரசின் நிறுவனமே கடை விரித்துப் போத்தல் மதுவைச் சில்லறையாக விற்கிறது. குடி ஒழியவில்லை, பனையேறியின் வருவாய் ஆலை முதலாளிக்கு மாறியது. மதுவிலக்கு என்ற பெயரில் ஏழையின் முட்டியை உடைத்து முதலாளியின் போத்தலுக்கு வழிவிடும் ஏற்பாட்டை நாம் ஆதரிக்க இயலாது.

இரண்டாவது வாதம் ஆழமானது. கேரளத்தில் ஸ்ரீ நாராயண குரு, கள்ளிறக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த தம் ஈழவ மக்களிடம் அத்தொழிலையே கைவிடும்படி கேட்டார். இழிவு என்று சுமத்தப்பட்ட தொழிலைத் துறப்பதே விடுதலை என்பது அவர் வழி. எமது மாணவனும் அதையே விரும்புகிறான். அவன் தகப்பனும் மகன் மரத்தில் ஏறுவதை விரும்பவில்லை. இதனை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். பிறந்த காரணத்துக்காக எவரும் பனையில் ஏறவேண்டியதில்லை. அதே கேரளம் 1969 இற் கள்ளுத் தொழிலாளருக்கென நலநிதிச் சட்டம் ஒன்றை இயற்றியதையும் இங்கு நினைக்கவேண்டும். தொழிலை விட விரும்புவோருக்கு விடும் உரிமையும், செய்ய விரும்புவோருக்கு மதிப்போடும் பாதுகாப்போடும் செய்யும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் சேர்த்துக் கேட்பதே தொழிலாளர் இயக்கத்தின் கடமை.

ஆகவே நாம் வேண்டுவது இவையே. சீவற்றொழிலாளருக்கு விபத்துக் காப்புறுதியும் ஓய்வூதியமும் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளோடு நின்றுவிடாமற் கருப்பணிக்கும் பனங்கட்டிக்கும் நியாயமான விலை கொடுக்கவேண்டும். சுண்ணாம்பு பூசிய முட்டி, பூசாத முட்டியை விடக் குறைந்த வருவாய் தருமானால் எந்தக் குடும்பம் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுக்கும்? உயரத்தில் ஏறாமற் சீவ உதவும் கருவிகளை உருவாக்குவதற்குப் பொறியியல் மாணவர் முன்வரவேண்டும். சுண்ணாம்பின் அளவை, கையின் கணக்கை, பதத்தின் நிறத்தை இப்போதே கேட்டு எழுதிவைக்கவேண்டும். சொல்லக்கூடியவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியராகிய எமக்கு ஒரு பணி உண்டு. நொதித்தலைக் கற்பிக்கும்போது பியரையும் வைனையும் கூறுவதோடு கருப்பணியையும் கூறுவோம். அதனைப் பின்வரிசைப் பிள்ளையிடம் கேட்டு அவனைச் சபையில் நிறுத்தாமல், நாமே அறிந்து வந்து, எல்லோருக்கும் உரிய விஞ்ஞானமாகக் கற்பிப்போம். ஓர் அறிவு ஒரு சாதியின் இரகசியமாக இருக்கும்வரைதான் அதைச் சொல்பவனைப் பார்த்துச் சிரிக்கலாம். பரீட்சைத் தாளில் எல்லோரும் எழுதவேண்டிய விடையாக அது மாறிய நாளிற் சிரிப்பு நின்றுவிடும். அந்த வினாவைத் தாளிற் சேர்ப்பதற்கு எமக்கு எவருடைய அனுமதிப்பத்திரமும் தேவையில்லை.